டேப்பில் ஏறிய உச்சு

சென்ற மாதம் அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு வீட்டில் சாப்பாடு. ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளாததால் எல்லா வீட்டிலிருந்தும் தயிர்சாதம் வந்திருந்தது. அங்கே கார்த்திக் என்கிற இன்ஜினியர், பாட்டுப் பதிவுக்கு மென்பொருள் எழுதுகிறவர், மடிக்கணினியைத் திறந்து எனக்கு ஒரு வித்தை காட்டினார். ஒரு பெண் பாடுகிறாள். மேலே போகும்போது சுருதி கொஞ்சம் இறங்குகிறது. கார்த்திக் ஒரு தட்டுத் தட்டினார். சுருதி சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவர் அதைப் பற்றி யோசித்ததில்லை.

“ஆன்ட்டி, உங்க டைம்ல டேப்பை பிளேடால கட் பண்ணுவீங்களாமே, நிஜமாவா?”

“ஆமாம்பா.”

“கை நடுங்காதா?”

“நடுங்கியிருந்தா வேற வேலைக்குப் போயிருப்பேன்.”

இதையெல்லாம் எழுதி வையுங்கள் என்றார். எல்லாவற்றையும் எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எண்பதுகளில் சான் ஹோசேயில் நான் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதில் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் வந்துவிடும்.

வேலை கற்றது சென்னையில், வானொலி நிலையத்தில். விவசாய நிகழ்ச்சியில் இருமலை வெட்டுவேன். அமைச்சர்கள் பேச்சில் ‘அதாவது’வை வெட்டுவேன். ஒருவருடைய பேச்சில் எல்லா ‘அதாவது’வையும் வெட்டிய பிறகு ஒலிபரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை; நாகஸ்வரம் போட்டுச் சமாளித்தோம். பிறகு கல்யாணம். கணவர் சுந்தரத்துக்கு சன்னிவேலில் ஒரு சிப் கம்பெனியில் வேலை. நானும் வந்து சேர்ந்தேன். கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் இருந்து இட்லி மாவு பொங்காத ஊரில் இட்லி மாவு பொங்கவைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்தேன். கார்டு வந்த அடுத்த வாரம் ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டுப் போய் நின்றேன்.

கம்பெனி இருந்தது சான் ஹோசேயில், பழைய ஆப்ரிகாட் கிடங்கில். வெயில் காலத்தில் சுவரிலிருந்து பழ வாசனை வரும். முதலாளி ஹூஸ்டனில் இருந்தார். எண்ணெய் வியாபாரம், இசை அவருக்கு ஆசை. இங்கே எல்லாமே தயாரிப்பாளர் லிண்டன்தான். உயரமானவர், வெளுத்தவர், எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் என் கையில் ஒரு டேப்பைக் கொடுத்தார். யாரோ பாடுகிறார், நடுவில் ஒரு இருமல்.

“இருமலை நீக்குங்கள். மனிதரை நீக்கிவிடாதீர்கள்” என்றார்.

நீக்கிக் கொடுத்தேன். கேட்டார். “பயன்படும்” என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்கு அடுத்த நாள்தான் புரிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். லிண்டன் பேசினால் எனக்குப் பட்டமளிப்பு விழாத் தமிழ் போலத்தான் கேட்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன். நோரா விட்லி என்று ஒரு பாடகி வரப்போகிறார். டெக்ஸஸ்காரி. அவர் பேசினால் சூளைமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பேசுவதுபோல் இருக்கும். எல்லாரையும் ‘ஹனி’ என்பார். அதற்குக் ‘கண்ணு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வேலை இப்படி. டேப்பை இயந்திரத்தில் போட்டு, இரண்டு சக்கரத்தையும் இரண்டு கையால் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். மெதுவாக ஆட்டினால் பாடகியின் குரல் எருமை முக்குவதுபோல் கேட்கும். அந்த முக்கலில் ‘க’ எங்கே தொடங்குகிறது, மூச்சு எங்கே முடிகிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். கண்ட இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பைப் பள்ளம் வைத்த அலுமினியக் கட்டையில் பதித்து, கோட்டின்மேல் சாய்வாக பிளேடை இழுக்க வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டின இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் இன்னொன்றுக்குள் வழுக்கிப் போய்விடும். வெட்டின இரண்டு முனையையும் இடிக்காமல் ஏறாமல் சேர்த்து, முதுகில் ஒட்டுநாடா போட்டு, நகத்தால் தேய்க்க வேண்டும். மூச்சு எப்போதும் அடுத்த வரிக்குச் சொந்தம், முந்தின வரிக்கு அல்ல. இது தெரியாமல் வெட்டுகிறவர்கள் பாடகரை மூச்சுமுட்டிச் சாக அடித்துவிடுவார்கள்.

டேப்பை நான் முழம் போட்டுத்தான் அளப்பேன், பூக்காரி மல்லிகை அளப்பதுபோல. ஒரு நீண்ட ஸ்வரம் மூன்று முழம் வரும். முதலில் லிண்டன் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். என் முழுப் பெயர் வாயில் நுழையாததால் அவருக்கு நான் மிசஸ் வி. சில மாதம் கழித்து, “மிசஸ் வி, அந்த மௌனம் எத்தனை முழம்?” என்று கேட்டார். ‘ழ’ வரவில்லை. அது பரவாயில்லை, இங்கே நம் பிள்ளைகளுக்கும் வரவில்லை.

லிண்டனுக்குச் சில சட்டங்கள் உண்டு. பலகைத் தரை முனகும் என்பதால் ஸ்டுடியோவில் யாரும் செருப்பு, ஷூ போடக்கூடாது. அவரே காலுறையோடுதான் நடப்பார். நான் கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலில் கழற்றிவிட்டு வந்ததை முதல் நாளே கவனித்துத் தலையசைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். இங்கிருந்து அங்கே பேச ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்துகிற உரிமை அவருக்கு மட்டும்தான். ஒத்திகையின்போது அழுத்திக்கொண்டே இருக்க முடியாது என்று பொத்தானுக்கு ஒரு கொக்கி இருந்தது. மாட்டிவிட்டால் எங்கள் அறையில் பேசுவது அங்கே கேட்டுக்கொண்டே இருக்கும். பாடகர்கள் எவ்வளவு அருமையாகப் பாடினாலும் பொத்தானை அழுத்தி “பயன்படும்” என்பார். அழுது வெளியே போனவர்கள் உண்டு. நன்றாக இல்லாவிட்டால், “இன்னொரு முறை, தங்கள் விருப்பப்படி” என்பார். அதைக் கேட்டவர்களும் அழுதார்கள்.

நோரா விட்லி அழமாட்டார். அவருக்குப் பாட வராதது என்று எதுவும் இல்லை, அதுதான் அவருடைய கஷ்டம். ஆப்பராவில் ராணி பாடுவார், ராணிக்கு விஷம் வைக்கிற தோழியையும் பாடுவார். ஆண்பிள்ளை வேஷம், சூனியக்காரி, கன்னியாஸ்திரி, வாசலில் பூ விற்கிறவள், எல்லாம் பாடுவார். யாருக்காவது தொண்டை கட்டினால் மத்தியானம் அவருக்கு போன் வரும், சாயங்காலம் மேடையில் இருப்பார். ஸ்பானிய தாலாட்டுப் பாடுவார், தேவாலயத்தில் பாடுவார், ரேடியோவில் பற்பசை விளம்பரமும் பாடுவார். எங்கள் கம்பெனித் தட்டுகளில் பாதிக்கு மேல் அவர் உண்டு. அட்டையின் பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில்.

பெயரே வராத இடமும் உண்டு. பெரிய பெயர் உள்ள பாடகிகள் மூன்று பேருக்கு உச்ச ஸ்வரம் எட்டவில்லை. அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் நோரா வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவர்கள் பாட்டுக்குள் வைத்து ஒட்டினோம். இரண்டை ஒட்டியது நான். ஊர் முழுக்க அந்த ஸ்வரங்களைப் புகழ்ந்தது. நோரா வந்து, தட்டைப் போடச் சொல்லிக் கேட்டு, “நல்லாத்தான் பாடறா கண்ணு அந்தப் பொம்பள” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

அவருக்கு ஐம்பது தாண்டிய பிறகு கம்பெனி அவர் பெயரில் ஒரு தட்டுப் போடச் சம்மதித்தது. முன்பக்க அட்டையில், பெரிய எழுத்தில், நோரா விட்லி. லிண்டன் ஹூஸ்டனோடு போனில் மாதக் கணக்கில் மன்றாடி வாங்கியது அது. நான்கு அமர்வு, அதற்குமேல் கிடையாது. பியானோ மட்டும் பக்கவாத்தியம். தட்டின் உயிர் கடைசிப் பாட்டு. போரில் செத்த மகனைப் பார்த்துத் தாய் பாடும் இத்தாலியப் புலம்பல். மகனே என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஃபீல்யோ’. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். கடைசித் தடவை வரும்போது குரல் கீழே இறங்கி நின்று, அங்கிருந்து ஒரே தாவாக உச்சத்துக்குப் போய்விடும். பிறகு மௌனம். பியானோகூடச் சற்று நேரம் வாசிக்காது. அந்தப் பாட்டு சரியாக வராவிட்டால் தட்டு வெளிவராது என்று முதலாளி சொல்லிவிட்டார். குரல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது நோராவுக்கும் தெரியும். அவருக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு.

முதல் மூன்று அமர்வில் மற்ற பாட்டெல்லாம் நன்றாக வந்தது. புலம்பலில் மட்டும் உச்சத்தில் குரல் உடைந்தது. ஒவ்வொரு தடவையும் உடைந்தது. லிண்டன் பொத்தானை அழுத்தி, “இன்னொரு முறை, தங்கள் விருப்பப்படி” என்றார். நோரா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “என் விருப்பப்படின்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றார்.

மூன்றாம் அமர்வு முடிந்ததும் லிண்டன் தன் முடிவை நோராவிடமே நேராகச் சொன்னார். கல்லூரியில் பாட்டுப் படிக்கும் லிசா என்கிற பெண் அந்த ஒரு ஸ்வரத்தைப் பாடித் தருவாள். நோரா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“பேரு போடுவீங்களா அவளுக்கு?”

“வழக்கமில்லை.”

“வழக்கமில்லன்னு எனக்கும் தெரியும்” என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லிசா அதே வாரம் வந்து, அதே பியானோவோடு அந்த ஸ்வரத்தைப் பாடிவிட்டுப் போனாள். மூன்று முழம், ஒரு குறை இல்லை. நான் சுருட்டி வைத்தேன்.

நான்காம் அமர்வு ஒரு பிற்பகல். லிண்டனுக்கு ஹூஸ்டனிலிருந்து போன் வந்து வெளியே போனார். ஒத்திகைக்காக மாட்டின கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார். நோராவுக்குப் பதிவைப் பற்றி நினைப்பே இல்லை. ஸ்டூலில் பாதி உட்கார்ந்தபடி, பியானோக்காரரோடு புலம்பலைச் சும்மா பாடிப் பார்த்தார், அரைக் குரலில்.

எங்கள் அப்பா ரயில்வே குமாஸ்தா. கச்சேரிக்குப் போனால் கைதட்டமாட்டார். கைதட்டுவது விஷயம் தெரியாதவர்கள் செய்வது என்பார். பாடுகிறவர் ஒரு இடத்தில் நின்று நிதானித்து இறங்கினால், அப்பா கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, “ச்சு ச்சு ச்சு” என்று உச்சுக் கொட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அது தொற்றிவிட்டது. நாம் பாவப்பட்டாலும் உச்சுக் கொட்டுவோம், ரசித்தாலும் கொட்டுவோம். எது எது என்று நமக்குக் குழப்பம் வருவதில்லை.

நோரா அந்தக் கடைசி மகனேவுக்கு முன்னால் கீழே இறங்கி நின்றார். நான் கண்ணை மூடினேன். தலை தானாக ஆடியது. “ச்சு ச்சு ச்சு.”

பியானோ நின்றது. கண்ணைத் திறந்தால் நோரா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் அந்தச் சத்தம் போட்டால், குழந்தை பாலைக் கொட்டிவிட்டது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். நினைவுக்கு வந்தது அப்போதுதான். கதவைத் திறந்துகொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

“கண்ணு, முப்பது வருஷமா பாடறேன். ஒரு ஊர்ல முட்டைகூட வீசியிருக்கான். யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினதில்ல.”

“மேடம், எங்க ஊர்ல அது நல்லா இருந்தா செய்யறது.”

“நல்லா இருந்தா?”

“ரொம்ப நல்லா இருந்தா. சுமாரா இருந்தா கைதட்டிடுவோம்.”

“தலைய ஆட்டினியே, இல்ல இல்லன்னு?”

“அது ஆமாம்.”

நோரா திரும்பிப் பியானோக்காரரைப் பார்த்தார். “இவங்க ஊர்ல பொண்ணுங்க கல்யாணத்துக்கு எப்படிச் சம்மதம் சொல்றாங்க?” என்றார். அவர் தெரியாது என்றார்.

பிறகு நோரா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது. “எந்த எடத்துல பண்ணின, காட்டு” என்றார். இசைக்குறிப்பில் விரல் வைத்துக் காட்டினேன்.

“மேல இல்லையா?”

“மேல இல்ல. அதுக்கு முன்னாடி எறங்கி நிக்கறீங்களே, அங்க.”

அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இந்த எடத்த ஒருத்தன்கூட கவனிச்சதில்ல. எல்லாரும் நான் எப்ப ஏறுவேன்னு வாயப் பொளந்துக்கிட்டு இருப்பானுங்க. நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டுப் பாடறேன்.”

லிண்டன் திரும்பி வந்தபோது அவரிடம் நோரா ஒரு நிபந்தனை வைத்தார். மிசஸ் வி உள்ளே வந்து எதிரில் உட்கார வேண்டும்.

“பதிவின்போது உள்ளே பார்வையாளர் கூடாது” என்றார் லிண்டன்.

“அவ பார்க்க வரல. கேக்க வரா.”

லிண்டன் யோசித்தார். என்னிடம் திரும்பி, “மிசஸ் வி, அந்தச் செயலைத் தங்களால் ஓசையின்றிச் செய்ய இயலுமா?” என்றார். தலையை மட்டும் ஆட்டுகிறேன் என்றேன். வளையலைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளே போய் உட்கார்ந்து மூச்சு விட்டேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. “மிசஸ் வி, தங்கள் உடை பேசுகிறது.” நைலக்ஸ் புடவை. காற்றுப் பட்டாலே சரசரக்கும். வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரமில்லை. கடைசியில் பியானோவுக்குப் போர்த்தும் கம்பளியைக் கொண்டுவந்து என் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார்கள். சத்தம் வரும் என்று மின்விசிறியை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். ஜூன் மாதம். நான் அந்தக் கம்பளிக்குள் வெந்துகொண்டிருக்க, நோரா என்னைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். எனக்கென்று எதிரில் நின்று யாரும் பாடியதில்லை. அந்த மொழி எனக்கு ஒரு சொல்தான் தெரியும். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கீழே இறங்கும் இடம் வந்தது. அவசரமில்லாமல் அங்கேயே நின்றார், மேலே ஏற வேண்டும் என்ற நினைப்பே இல்லாதவர்போல. பிறகு போகிற போக்கில் ஏறினார். உச்ச ஸ்வரம் உடையவில்லை. ஆனால் பெரிதாகவும் இல்லை; மெல்லியதாக, அழுது முடித்தவள் குரல்போல வந்து, கொஞ்சம் நின்று, தேய்ந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தலை ஆடியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

“ச்சு.”

ஒரே ஒரு உச்சு. பியானோகூட வாசிக்காத அந்த மௌனத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிண்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் நோரா குறிப்புக் காகிதத்தை மூடினார். “இன்னொண்ணு இல்ல. இருந்தது இதான்” என்றார். யாரும் இன்னொரு முறை என்று சொல்லவில்லை.

வீட்டில் சுந்தரத்திடம் சொன்னேன்.

“என்னது, ரெக்கார்டிங் நடக்கும்போது உச்சுக் கொட்டினியா? வேலை போயிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க. வெட்டிப் பாக்கணும்.”

“பிளேடு வெச்சு ஊரான் இருமலையெல்லாம் வெட்டினே. உன் வாயை நீ வெட்டமாட்டியா?”

வெட்டத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஸ்வரம் முடிந்த பிறகும் அதன் மிச்சம் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். உச்சு அந்த மிச்சத்தின் நடுவில் விழுந்திருந்தது. உச்சை வெட்டினால் மிச்சமும் போகிறது. நோரா பாடும்போதே யாரோ வாயைப் பொத்தினதுபோல் கேட்டது. பழைய பதிவுகளிலிருந்து வேறு மிச்சம் எடுத்து ஒட்டினால், அவை உடைந்த குரலின் மிச்சங்கள். லிசாவுடையது மிகப் பெரியது, பொருந்தவில்லை. ஆகவே இரண்டு டேப் தயாரானது. முதலாவதில் லிசாவின் ஸ்வரம், மாசு மருவில்லை. இரண்டாவதில் நோராவின் ஸ்வரம், கூடவே நான்.

நோராவை வரச் சொல்லி இரண்டையும் போட்டுக் காட்டினோம். கேட்டுவிட்டு, “என்னோட மூணையும் போடுங்க” என்றார்.

லிண்டனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மூன்று பெரிய பாடகிகளின் தட்டுகளை எடுத்து, அந்தந்த இடத்தில் ஊசியை வைத்தேன். மூன்றும் ஏறின, மின்னின, இறங்கின. நோரா சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒட்டின எடம் கேக்குதா ஒனக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லைங்க.”

“எனக்கும் கேக்கல. நான் பாடினதுன்னு எனக்கே தெரியல.” எங்கள் பக்கம் திரும்பினார். “ரெண்டாவதையே போடுங்க. கெழவி குரல்னு சொல்வாங்க, சொல்லட்டும். என் குரல்னு சொல்வாங்கல்ல.”

லிண்டன் அந்த மூன்று தட்டுகளையும் உறையில் போட்டு, அலமாரியில் வைத்து, திரும்பி வந்து உட்கார நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். “பயன்படும்” என்றார்.

தட்டு வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் பெயர். நோரா அதை வாங்கி, பின்பக்கம் திருப்பி, வழக்கமாகத் தன் பெயர் இருக்கும் கீழ் மூலையைத் தேடினார். பிறகு சிரித்தார்.

பத்திரிகையில் ஒரு விமர்சனம் வந்தது. விமர்சகர் பெரிதாக ஒன்றும் புகழவில்லை. கடைசிப் பாட்டில் அனுபவம் இருக்கிறது, ஆனால் உச்ச ஸ்வரத்துக்குப் பிறகு ஸ்டுடியோவில் இருந்த ஒருவரே அதிருப்தியில் உச்சுக் கொட்டுவது தெளிவாகக் கேட்கிறது, கம்பெனி அதை நீக்காதது ஆச்சரியம் என்று எழுதியிருந்தார். சுந்தரத்துக்குப் படித்துக் காட்டினேன். “பல்லி சொல்லிச்சுன்னு நெனச்சுக்க வேண்டியதுதானே, இவனுக்கென்ன” என்றார். பல்லி கத்தினால் சொன்னது மெய் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அந்த விமர்சகர் வீட்டில் பல்லி இல்லை. சிலர் தட்டில் கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிடி வந்துகொண்டிருந்தது. எங்கள் பட்டியலை ஒவ்வொன்றாக சிடியில் கொண்டுவர முதலாளி உத்தரவு போட்டார். சிடியில் இரைச்சல் கிடையாது, உச்சு ஆணி அடித்ததுபோல் கேட்கும், ஆகவே நோரா விட்லி சிடிக்கு முதல் டேப்பை, அதாவது லிசா பாடினதை, அனுப்ப வேண்டும் என்றார். ஒப்பந்தப்படி அது அவர் உரிமை. நோராவைக் கேட்க வேண்டியதில்லை.

லிண்டன் போனை வைத்துவிட்டு அந்த முதல் டேப்பை எடுத்துவரச் சொன்னார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிளேடைத் தொட்டும் பார்த்ததில்லை. டேப்பை மாட்டி, சக்கரத்தைப் பிடித்து, தப்பும் தவறுமாக ஆட்டினார். “எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டார். மஞ்சள் பென்சிலால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். சாய்வாகக்கூட வெட்டவில்லை, நேராக வெட்டினார். மூன்று முழம். என்னைப்போலவே கையில் சுருட்ட முயன்று, சிக்கலாக்கி, என்னிடம் நீட்டினார்.

“இது அந்தப் பெண்ணுடையது. அவளிடம் சேர்த்துவிடுங்கள்.”

சாயங்காலம் ஹூஸ்டனிலிருந்து போன். லிண்டன் சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது. “அந்த டேப் பழுதாகிவிட்டது.” பிறகு, “பிளேடால்.” பிறகு, “உரியவரிடம்.” பிறகு ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவரை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, காலுறையோடு நடக்கிற வேறு ஆள் ஹூஸ்டனில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சிடி இரண்டாவது டேப்பிலிருந்தே வந்தது, உச்சோடு.

லிசாவின் ஸ்வரத்தை ஒரு தபால் உறையில் போட்டு, காரை ஓட்டிக்கொண்டு அவள் கல்லூரிக்குப் போய்க் கொடுத்தேன். இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், உன்னிடம் இருக்கட்டும் என்றேன். அவள் குழப்பத்தோடு நன்றி சொன்னாள்.

நோரா தன் சிடி பிரதியை வாங்க வந்தபோது, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். லிண்டன் நேராக வெட்டினார் என்றதும் சிரித்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றதும் சிரிப்பு நின்றது.

“அப்போ என்னோட மூணு?”

“அது அங்கங்க ஒட்டிக் கெடக்குதுங்க. எடுக்க முடியாது.”

“நீ ஒட்டினதா?”

“ரெண்டு நான் ஒட்டினது.”

ஷூவின் நாடாவை முடிந்துவிட்டு எழுந்து நின்றார். என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். “ச்சு” என்றார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். எந்த ஊர்க் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.